கோயில் மைதானத்தில் மாதம் ஒரு படம்: புரொஜெக்டருக்கு முன்னால் யோசிக்க வேண்டியது

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள சபையில், சுமார் நூற்றிருபது குடும்பங்கள் இருக்கின்றன. கோயில் மைதானத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை ஊரார் எல்லாருக்கும் இலவசமாகப் படம் போட இளையோர் குழு நினைக்கிறது. என்ன புரொஜெக்டர் வாங்கலாம், யாராவது ஒருவரின் ஓடிடி கணக்கிலிருந்தே ஓட்டலாமா, டிசம்பரில் தொடங்கினால் சரிவருமா? மூன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். புரொஜெக்டரை இப்போது வாங்காதீர்கள், ஓடிடியிலிருந்து ஓட்டக்கூடாது, டிசம்பர் வேண்டாம். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. முதல் மாதம் நிறையும் மைதானம் நாலாவது மாதமும் நிறையுமா என்பதுதான் அது. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

திண்டுக்கல் பக்கம் இருபது வருடங்களுக்கு மேலாக சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் மைக்செட் கட்டியிருக்கிறேன். பங்கின் காரியங்களை முடிவு செய்யும் எங்கள் பங்குப் பேரவையிலும் இருந்திருக்கிறேன், மூன்று பங்குகளில் இதுபோன்ற தொடர் திரையிடலுக்கு உடனிருந்திருக்கிறேன். திரையும் ஒலியும் கூட்டமும் எனக்குப் பழக்கம். சட்டத்தைப் படித்திருக்கிறேனே தவிர நான் வழக்கறிஞன் இல்லை. சட்ட விஷயத்தில் நான் எழுதுவதை உங்கள் மறைமாவட்டத்துக்கு வழக்கமாக வேலை பார்க்கும் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டும் உரிமை அதன் உரிமையாளருக்கு மட்டுமே உண்டு. டிக்கெட் வைக்கவில்லை என்பதால் அது மாறாது. ஓடிடி சந்தாவும் டிவிடியும் வீட்டில் பார்ப்பதற்கு. நெட்ஃபிளிக்ஸ் தன் விதிமுறையிலேயே சொந்தப் பயன்பாட்டுக்கு, அதுவும் குடும்பத்தாருக்கு மட்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. ‘அனைவரும் வருக’ என்று சுவரொட்டி ஒட்டிவிட்ட பிறகு அதைக் குடும்ப நிகழ்ச்சி என்று யாரிடமும் சொல்ல முடியாது. உரிமை மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் பேரவையில் யாராவது ஒருவர், “கோயில் நிகழ்ச்சிக்கு விலக்கு உண்டே” என்பார். விலக்கு ஒன்று இருப்பது உண்மைதான். 52-ஆம் பிரிவில், தொழில்முறை அல்லாத குழு ஒன்று காசு வாங்காமலோ மத நிறுவனத்தின் நன்மைக்காகவோ நிகழ்த்துவதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது இலக்கிய, நாடக, இசைப் படைப்புகளுக்கு. உங்கள் இளையோர் மேடையில் நாடகம் போட்டால் அந்த வரி உங்களுக்குத் துணை நிற்கும். திரைப்படத்துக்கு அது பொருந்தாது. இணையத்தில் தேடினால், அமெரிக்கத் திருச்சபைகள் சி.வி.எல்.ஐ. என்ற ஆண்டு உரிமம் எடுத்து வருடம் முழுவதும் படம் காட்டுவதைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக வரும். அது அவர்கள் ஊர் ஏற்பாடு. அந்தக் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு இங்கே திட்டம் போடாதீர்கள். “இதுவரைக்கும் யாரையாவது பிடித்திருக்கிறார்களா?” என்ற கேள்வியும் வரும். ஊர்ப்பக்கம் நான் பார்த்ததில்லை. ஆனால் ஞாயிறு காலை ‘களவு செய்யாதே’ என்ற ஏழாம் கட்டளையைச் சொல்லிக்கொடுக்கும் மறைக்கல்வி ஆசிரியரே சனி இரவு திருட்டுப் பிரதியை ஓட்டுவது எப்படி இருக்கும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அந்த வகுப்புப் பிள்ளைகள் நிச்சயம் யோசிப்பார்கள்.

சரி, எதைத்தான் காட்டுவது? நேர்வழி, கேட்பது. பெரிய நடிகர் படத்துக்கு உங்கள் கடிதத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். சிறிய படங்களின் கதை வேறு. திரையரங்கில் இரண்டு வாரம் ஓடி, விருது வாங்கி, பிறகு யாரும் பேசாமல் விட்ட தமிழ்ப் படங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் தயாரிப்பாளருக்கு ஊர், நாள், இடம், ஒரே ஒரு காட்சி, கட்டணம் இல்லை, எத்தனை பேர் வருவார்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எனக்குத் தெரிந்து இப்படி எழுதியவர்களுக்கு மூன்றில் ஒரு கடிதத்துக்காவது பதில் வந்திருக்கிறது. ஒரு இயக்குநர் அனுமதி கொடுத்ததோடு நிற்காமல் பேருந்து ஏறி நேரிலும் வந்தார். இயக்குநர் ‘சரி’ சொன்னால் மட்டும் போதாது என்பதை மறக்க வேண்டாம். உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடம் இருக்கும், அவர் அதை வேறு யாருக்காவது விற்றும் இருப்பார். எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் கட்டைவிரலை நம்பாதீர்கள். குழந்தைகளுக்கான படம் வேண்டுமென்றால், 1955-இல் தொடங்கிய குழந்தைகள் திரைப்படச் சங்கம் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்.எஃப்.டி.சி.) இணைந்துவிட்டது. கேட்க வேண்டிய இடம் இப்போது அதுதான்.

பழைய படங்கள் இன்னொரு வழி. நம் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். 1950-களில் வந்த படங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. படத்துக்கான காலக்கணக்கு வேறு, பாட்டுக்கும் இசைக்கும் வேறு. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரை அது நீளும். பாட்டுகள் நிறைந்த பழைய தமிழ்ப் படத்தை ‘காலம் முடிந்தது’ என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். பேசாப்படத்தில் இந்தத் தொல்லை குறைவு. சாப்ளினின் ‘தி கிட்’ 1921-இல் வந்தது. இன்று கடையில் கிடைக்கும் பிரதிகளில் கேட்கும் இசை அவரே 1971-இல் சேர்த்தது, அதற்கு உரிமை இன்னும் இருக்கிறது. நாங்கள் என்ன செய்தோம் என்றால், பழைய பிரதியை ஒலி இல்லாமல் ஓட்டிவிட்டு, பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பையனைத் திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். இரண்டு வாரம் பயிற்சி எடுத்தான். அதிகாரிகள் வந்து பிள்ளையை லாரியில் தூக்கிக்கொண்டு போகும் காட்சியில் திடீரென்று வாசிப்பதை நிறுத்திவிட்டான். மைதானத்தில் சத்தமே இல்லை. பின்னால் ஒரு பாட்டி மட்டும், “அடப்பாவிகளா, பிள்ளைய விடுங்கடா” என்றார். கோடி ரூபாய்ப் படங்களுக்கும் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படங்களையும் கேட்டிருக்கிறீர்கள். லூக்கா நற்செய்தியை வைத்து 1979-இல் எடுத்த ‘இயேசு’ படத்தின் தமிழ்ப் பிரதியை அதைத் தயாரித்த அமைப்பே இலவசமாகக் கொடுக்கிறது. தவக்காலத்தில் ஒருமுறை அதைப் போடலாம். ஆனால் மாதாமாதம் அதே வகைப் படம் என்றால், வருகிறவர்கள் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறவர்களாகவே இருப்பார்கள். சினிமாவுக்கு நூறாண்டு நிறைந்ததை ஒட்டி 1995-இல் வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியல் ஒன்று வெளியிட்டது. அதில் சமயப் படங்கள் 15 மட்டுமே. மீதி முப்பதையும் வாழ்வின் மதிப்பீடுகள், கலை என்று பிரித்திருந்தார்கள், ‘காந்தி’ படமும் அதில் இருக்கிறது. பங்குத்தந்தை தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் தயங்குவார்கள் என்பதும் உண்மை. “கோயிலில் சினிமாவா?” என்பார்கள். அவர்கள் கேட்பதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. நற்கருணைப் பேழை இருக்கும் கோயிலுக்குள் படம் போடாதீர்கள். திருச்சபைச் சட்டத்தின் 1210-ஆம் எண், புனித இடத்தில் வழிபாட்டுக்கும் பக்திக்கும் சமயத்துக்கும் உதவுவதை மட்டுமே அனுமதிக்கிறது. வேறு எதற்கும் ஆயரின் தனி அனுமதி வேண்டும். மைதானமும் பங்கு மண்டபமும் வேறு. மறுபாதிக்குப் பதில் நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. 1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியும் சில துண்டுப்படங்களும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். பிறகு 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தத் துண்டுப்படங்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. நம் பக்கத்து ஜனங்கள் கூடாரத்தில் உட்கார்ந்து பார்த்த முதல் படங்களில் அதுவும் ஒன்று. பேரவைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “அப்ப ஜெனரேட்டருக்கு டீசல் நான் தரேன்” என்றார்.

அனுமதிகளைப் பொறுத்தவரை, ஒலிபெருக்கி விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி எழுத்து மூலம் அனுமதி வேண்டும், திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு நிறுத்திவிட வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். கூம்பு ஒலிபெருக்கியை நினைத்தே பார்க்காதீர்கள். பொதுவில் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பதை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், குடும்பத்தோடு பார்க்கும் படத்தைத் தேர்ந்தெடுக்க அது உதவும். சந்தேகம் வருவது இடத்துக்கான உரிமத்தில். 1955-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சினிமாச் சட்டம், உரிமம் பெற்ற இடத்தில்தான் படம் காட்ட வேண்டும் என்கிறது. கொட்டகைகளையும் டூரிங் டாக்கீஸ்களையும் மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. மாதம் ஒருநாள் இலவசமாகக் காட்டும் பங்குக்கு அதை எப்படிப் பொருத்துவார்கள் என்பது அதிகாரிக்கு அதிகாரி மாறுகிறது. ஆட்சியர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்குத்தந்தையின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். டிக்கெட் வைத்தால் கேளிக்கை வரி, ஜிஎஸ்டி என்று வேறு கதவுகள் திறக்கும். வைக்காதீர்கள்.

இப்போது என் மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் செய்த தொடரில் பக்கத்துத் தெருவிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் நம் சபையார் இல்லை. இரண்டாவது மாதம் படம் முடிந்ததும் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர் மைக்கை வாங்கி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். மைக்கை அவர் கையில் கொடுத்தவன் நான்தான். பிள்ளைகள் மடியில் தூங்கிவிட்டதால் எழுந்து போகவும் முடியாமல் தாய்மார்கள் நெளிந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் டீக்கடையில் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “அண்ணே, படம்னு கூப்பிட்டீங்க. கூட்டம்னு கூப்பிட்டிருந்தா கூட்டம்னே தெரிஞ்சு வந்திருப்போம்ல.” மூன்றாவது மாதம் அந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. மறுபடியும் வர ஒரு வருடம் ஆயிற்று. அழைப்பிதழில் என்ன எழுதுகிறீர்களோ அதை மட்டும் செய்யுங்கள். சமயப் படம் என்றால் சமயப் படம் என்றே போடுங்கள், விரும்புகிறவர்கள் வருவார்கள். தொடக்கத்தில் பங்குத்தந்தை இரண்டு நிமிடம் வரவேற்றால் போதும். முடிந்த பிறகு பேச்சு வேண்டுமானால், “படம் இத்தோடு முடிந்தது, கிளம்புகிறவர்கள் கிளம்பலாம், பேச விரும்புகிறவர்கள் இருங்கள்” என்று சொல்லி, ஐந்து நிமிடம் இடைவெளி விட்டுப் பிறகு தொடங்குங்கள். இன்றைய சூழலில் இது மரியாதைக்கு மட்டுமல்ல, உங்கள் பாதுகாப்புக்கும்தான்.

கருவிகளுக்கு வருவோம். வாடகைக்கு விடுகிறவன் ஆதாயத்துக்காகச் சொல்கிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை, முதல் மூன்று மாதம் வாடகைக்கே எடுங்கள். இணையத்தில் மலிவாக விற்கும் பெட்டிகளில் ‘10,000 லூமென்ஸ்’ என்று எழுதியிருப்பார்கள், இருட்டு அறையில்கூட அவை மங்கலாகத்தான் தெரியும். முறைப்படி அளந்த வெளிச்சமான ‘ஆன்சி லூமென்ஸ்’ எவ்வளவு என்று கேளுங்கள். பன்னிரண்டு அடி அகலத் திரைக்கு, சுற்றிலும் விளக்கை அணைத்த மைதானத்தில் 3000 முதல் 4000 வரை வேண்டும். பன்னிரண்டு அடி அகலம் என்றால் உயரம் ஆறே முக்கால் அடி, கடைசி வரிசை நாற்பது அடிக்குள் இருந்தால் முகம் தெரியும். சாதாரண புரொஜெக்டரைத் திரையிலிருந்து சுமார் பதினெட்டு அடியில் வைக்க வேண்டியிருக்கும், அதாவது கூட்டத்தின் நடுவில். முன்னால் ஒரு பாதையைக் கயிறு கட்டி ஒதுக்காவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் முயல்காது தெரியும். திரைக்கு நல்ல காடாத்துணியே போதும், பின்னால் கறுப்புத்துணி கொடுத்துத் தையுங்கள். சவுக்குக் கம்பத்தில் கயிறால் இறுக்கிக் கட்டாமல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டுங்கள். காற்று வந்தால் துணி கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் திரும்பும், கம்பம் சாயாது. யூபிஎஸ் இல்லாமல் புரொஜெக்டரைப் போடவே போடாதீர்கள். பல்பு சூடாக இருக்கும்போது கரண்ட் போனால் விசிறியும் நின்றுவிடும், பல்பின் ஆயுள் அங்கேயே குறையும். லேப்டாப்பைப் புரொஜெக்டர் பக்கத்திலேயே வையுங்கள். நீளமான எச்டிஎம்ஐ ஒயர் பாதிப் படத்தில் கண்ணடிக்கும். போனிலிருந்து ஓட்டவே ஓட்டாதீர்கள். ஒருமுறை சிலுவைக் காட்சியில் திரையின் மேலே ‘உங்கள் சிலிண்டர் பதிவு செய்யப்பட்டது’ என்று வந்தது.

படம் மங்கலாக இருந்தால்கூட ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். “பாட்டு கேக்குது, பேச்சு கேக்கல” என்ற புகார் வந்தால் ஸ்பீக்கரைத் திருப்பிப் பயனில்லை. ஐந்து ஒலித்தடம் உள்ள பிரதியில் பேச்சு நடுத்தடத்தில் இருக்கும். நீங்கள் இடமும் வலமும் மட்டும் எடுத்தால் பேச்சு போய்விடும். பிளேயரில் ஸ்டீரியோவுக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். லேப்டாப் சார்ஜரால் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். முன்னால் இரண்டு பெட்டியை அலற விடுவதற்குப் பதிலாக நடுவில் இன்னும் இரண்டை மெதுவாக வைத்தால் சத்தம் மதிலுக்குள்ளேயே நிற்கும்.

டிசம்பர் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை விடாது. கூடவே குடில், கேரல் என்று உங்கள் ஆட்களுக்கே நேரம் இருக்காது. பொங்கல் முடிந்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்னால் ஒரு நல்ல இடைவெளி வரும், அதில் தொடங்குங்கள். பனி இருக்கும், ஏழு மணிக்குப் போட்டு ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். மார்ச் பொதுத்தேர்வு மாதம், விட்டுவிடுங்கள். மே விடுமுறை நல்லது, ஆனால் கிரிக்கெட் அட்டவணையைப் பார்த்து நாள் குறியுங்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், காடாத்துணி எம்மாத்திரம், அப்போது மண்டபத்துக்குள் போய்விடுங்கள். எந்தச் சனிக்கிழமை என்று ஒருமுறை முடிவு செய்தபின் மாற்றாதீர்கள். ‘ரெண்டாவது சனி படம்’ என்று ஊர் வாயில் பதிய ஐந்தாறு மாதம் ஆகும். முதல் மாதக் கூட்டம் வேடிக்கைக் கூட்டம், மூன்றாவது மாதம் பாதியாகும். அதைப் பார்த்துப் பயந்து பெரிய படத்தைத் திருடிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். குறைந்த அந்தப் பாதி அப்படியே நிலைத்துவிட்டால் அதுதான் உங்கள் கூட்டம்.

இருட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை ஒரு நிமிடமும் மறக்கக்கூடாது. மதிலோரமும் கழிப்பறை வழியும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும், அங்கே ஆணும் பெண்ணுமாக இரண்டு பெரியவர்கள் நிற்கட்டும், பெற்றோர் இல்லாமல் வரும் சிறுவர்களின் பெயரை எழுதி யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் ஜமக்காளம், பின்னால் நாற்காலி, ஓரத்தில் முதியவர்கள். இடைவேளை கட்டாயம் விடுங்கள். சுண்டலும் டீயும் மாதம் ஒரு அன்பியம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த பங்கின் சிறு குழு) பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்தால், அந்த அன்பியத்துக் குடும்பங்கள் எல்லாம் அன்றைக்கு வந்துவிடும். இடைவேளைக்குச் சினிமாப் பாட்டு போடுவதானால் அதற்கும் ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். என்ற இசை உரிமை அமைப்புகளிடம் வாங்கும் தனி உரிமம் உண்டு. அதற்குப் பதிலாகப் பாடகர் குழுவையே நாலு பாட்டு பாடச் சொல்லிவிடலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். இளையோர் உட்கார்ந்து ஆறு படங்களை எழுதி, ஆறு தயாரிப்பாளர்களுக்கும் கடிதம் அனுப்புங்கள். பதில் வர ஒன்றரை மாதம் ஆகும், சிலரிடமிருந்து வராமலே போகும். ஜனவரிக்குள் மூன்று கையில் இருந்தால் மூன்று மாதத் தொடர் என்று மட்டும் அறிவியுங்கள். என்ன புரொஜெக்டர் வாங்கலாம் என்று அதற்குப் பிறகு மறுபடியும் கேளுங்கள், அப்போது மைதானத்தின் அளவையும் கரண்ட் கம்பம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.